உணவகத்தில் ஆங்கிலம்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போக்கன் இங்கிலிஷ் படிக்க வருபவர்கள் இங்கே இரண்டு வகை. ஒரு பகுதியினர் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று வெளிக்கிட நிற்பவர்கள். மற்றவர்கள் ஊரிலேயே விருந்தினர் விடுதியிலோ சாப்பாட்டுக்கடையிலோ வேலை செய்பவர்கள். சாப்பாடு பற்றி இரண்டு பகுதியினரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், கண்ணால் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள்.

எங்கே தொடங்குவது? சாப்பாட்டுப் பெயர்களைப் பாடமாக்கவா?

வேண்டாம். மெனு கையில் இருக்கும், விளங்காவிட்டால் விரலால் தொட்டுக் காட்டினாலும் சாப்பாடு வந்துவிடும். ஆக்கள் மாட்டுப்படுவது பரிமாறுபவர் கெதியாகக் கேட்கும் கேள்வியில்தான். நல்ல விஷயம் என்னவென்றால் அந்தக் கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். வாசலில் "ஹாவ் யூ புக்ட்?" என்று முன்பதிவு பற்றிக் கேட்பார்கள், "ஹவ் மெனி ஒஃப் யூ?" என்று எத்தனை பேர் என்று கேட்பார்கள். இருந்தவுடனே "கான் ஐ கெட் யூ எனிதிங் டு ட்ரிங்க்?" வரும். பிறகு "ஆர் யூ ரெடி டு ஓடர்?", அதோடு "எனி அலர்ஜீஸ்?". பாதிச் சாப்பாட்டில் வந்து "இஸ் எவ்ரிதிங் ஓகே?" என்பார்கள். கடைசியில் இனிப்புக்கு "வுட் யூ லைக் டு சீ த டிசேர்ட் மெனு?".

கனடாவிலும் அமெரிக்காவிலும் இன்னொன்று கேட்பார்கள்: "ஆர் யூ ஸ்டில் வேர்க்கிங் ஒன் தாட்?" வேலை பற்றிய கேள்வி என்று நினைத்துத் தடுமாறாதீர்கள், கோப்பையை எடுக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். முடித்துவிட்டால் "ஐம் டன், தாங்க் யூ", இல்லாவிட்டால் "நொட் யெட்". இந்த ஏழெட்டுக் கேள்வியும் காதில் பழகிவிட்டால் மிச்சம் தானாக வரும்.

"ஐ வோண்ட் சிக்கன்" என்று சொன்னால் பிழையா?

இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனால் கட்டளை போடுவது மாதிரிக் கேட்கும். "தாங்கோ", "கொண்டு வாங்கோ" என்று நாங்கள் சொல்லும்போது மரியாதை வினைச்சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி விகுதி கிடையாது, அதனால்தான் வசனத்தைத் தொடங்கும் விதத்திலும் கடைசியில் வரும் "ப்ளீஸ்" இலும் அந்த மரியாதையைக் கொடுக்கவேண்டி இருக்கிறது. "குட் ஐ ஹாவ் த சிக்கன், ப்ளீஸ்?" எங்கேயும் பொருந்தும். "ஐட் லைக் த சிக்கன், ப்ளீஸ்" அதே அளவு நல்லது. "கிவ் மீ" என்று மட்டும் தொடங்க வேண்டாம்.

பரிமாறுபவரை எப்படிக் கூப்பிடுவது?

இங்கே தம்பி, அண்ணை என்று கூப்பிடுகிறோம், அது எங்களுக்குள் வடிவான பழக்கம். அதை "பிரதர்" என்று மாற்றிச் சொல்ல வேண்டாம், விரல் சொடுக்கவோ கை தட்டவோ கூடவே கூடாது. கண்ணைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் உயர்த்தி "எக்ஸ்கியூஸ் மீ", அவ்வளவுதான்.

தண்ணீர் கேட்டால் "ஸ்டில் ஓர் ஸ்பார்க்ளிங்?" என்கிறார்களே?

ஸ்டில் என்றால் சாதாரணத் தண்ணீர்ப் போத்தல், ஸ்பார்க்ளிங் என்றால் வாயு அடைத்தது. இரண்டுக்கும் காசு. காசில்லாமல் வேண்டுமென்றால் "டாப் வோட்டர், ப்ளீஸ்" என்று குழாய்த் தண்ணீரைக் கேளுங்கள். இங்கிலாந்தில் மதுபான அனுமதிப்பத்திரம் உள்ள உணவகங்கள் கேட்டவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஸ்டாட்டர், ஒன்ட்ரே, மெயின்: எது எது?

முதலில் வரும் சிறிய சாப்பாடு ஸ்டாட்டர், வட அமெரிக்காவில் அப்பிடைசர். முக்கியச் சாப்பாடு மெயின். பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவது சைட். குழப்புவது ஒன்ட்ரே: அவுஸ்திரேலியாவில் அது ஸ்டாட்டர், அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே சொல் மெயின். சிட்னியில் இருந்துவிட்டு ரொறன்ரோவுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நண்டு, சிங்க இறால் பக்கத்தில் விலைக்குப் பதிலாக "மாக்கெட் ப்ரைஸ்" என்று இருந்தால் அன்றைய சந்தை விலை, ஓடர் கொடுக்க முதல் "ஹவ் மச் இஸ் இட் டுடே?" என்று கேளுங்கள்.

நாங்கள் இங்கே பாவிக்கும் ஆங்கிலச் சொற்கள் வெளிநாட்டில் விளங்காதாமே?

பல விளங்காது. இலங்கை ஆங்கிலத்தில் அவை பிழையான சொற்கள் இல்லை, இந்த நாட்டுக்குள் சரியாகவே ஓடுகின்றன, வெளியில்தான் வேறு சொல் தேவைப்படுகிறது. ஷோட் ஈட்ஸ் என்றால் லண்டனில் நம்மவர் கடையைத் தவிர வேறு எங்கும் விழிப்பார்கள், "ஸ்நாக்ஸ்" அல்லது "சேவரி ஸ்நாக்ஸ்" என்று சொல்லுங்கள். பார்சல் என்றால் அங்கே தபாலில் வருவது. இங்கிலாந்தில் டேக்அவே, கனடாவில் "டு கோ" அல்லது டேக்அவுட். ஹோட்டல் என்றால் படுக்க அறை இருக்கும் இடம், சாப்பிட மட்டும் போகிறீர்கள் என்றால் ரெஸ்டோரன்ட். பிளேன்ரீ வேண்டுமென்றால் "ப்ளக் டீ". பிளேன்ரீ என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் பாலும் சேர்த்துக் கொண்டுவந்து வைக்கக்கூடும்.

கட்லட் இன்னும் சிக்கல். எங்களுக்கு அது மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து உருட்டிப் பொரித்தது, பிரித்தானிய மெனுவில் "லாம் கட்லட்" என்று இருந்தால் எலும்போடு வரும் ஆட்டு இறைச்சித் துண்டு. எங்கள் கட்லட்டை "ஃபிஷ் க்ரொகெட்" என்றால் விளங்கும். மட்டன் என்று இங்கே சொல்வது பெரும்பாலும் வெள்ளாடு, அங்கே மட்டன் முதிர்ந்த செம்மறி. வெள்ளாடு என்றால் "கோட்" என்றே சொல்ல வேண்டும். இங்கே வேலை செய்பவர்களிடம் சுற்றுலாப் பயணிகள் "இஸ் இட் லாம் ஓர் கோட்?" என்று கேட்பதும் இதனால்தான். டெவில்ட் என்ற பெயரில் நாங்கள் சாப்பிடும் உறைப்பும் இனிப்புமான பிரட்டல் இலங்கைக்கே உரியது, "ஸ்டிர் ஃப்ரைட் இன் அ ஸ்வீட் அண்ட் ஸ்பைசி சோஸ்" என்று விளக்குங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது கிரேவி. இங்கே ரொட்டிக்கு கிரேவி கேட்டால் கறிக்குழம்பு வரும். பிரித்தானியாவில் கிரேவி என்றால் இறைச்சிச் சாறில் செய்த மண்ணிற சோஸ், பல இடங்களில் மாட்டிறைச்சிச் சாறு. சைவக்காரர்கள் அந்தச் சொல்லை அங்கே வாயில் எடுக்காமல் இருப்பது நல்லது, "கறி சோஸ்" என்று கேளுங்கள்.

மரக்கறி, மீன் பெயர்கள்?

கத்தரிக்காய் இங்கே பிரிஞ்சோல், இங்கிலாந்தில் ஓபர்ஜீன், அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எக்பிளான்ட். வெண்டிக்காய் ஓக்ரா. பாவற்காய் வட அமெரிக்காவில் பிட்டர் மெலன். மரவள்ளி இங்கே மனியொக், வெளியில் கசாவா. பயறு மங் பீன், கச்சான் பீனட், போஞ்சி கிரீன் பீன்ஸ். முருங்கைக்காயை ட்ரம்ஸ்டிக் என்று மட்டும் சொன்னால் கோழிக்கால் என்று நினைப்பார்கள், "மொரிங்கா பொட்ஸ்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இறால் இங்கிலாந்தில் ப்ரோன், வட அமெரிக்காவில் ஷ்ரிம்ப். கணவாய்க்கு கட்ல்ஃபிஷ், ஸ்குவிட் இரண்டும் உண்டு, வளையமாக வெட்டிப் பொரித்து வந்தால் மெனுவில் கலமாரி. நெத்தலியை இங்கே ஸ்ப்ராட்ஸ் என்கிறோம், வெளியில் அன்சோவி என்றால்தான் அந்த மீன். இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள், அடுத்த பதிலில் வேலை இருக்கிறது.

நான் சைவம். "ஐ ஆம் வெஜிடேரியன்" என்று சொன்னால் போதாதா?

போதாது, இதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். வெஜிடேரியன் என்று சொல்லிக்கொண்டே மீன் சாப்பிடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் (அவர்களுக்குச் சரியான சொல் பெஸ்கடேரியன்), முட்டையைச் சைவத்தில் சேர்ப்பதும் பொது வழக்கம். அதனால் வசனத்தை முழுதாகச் சொல்லுங்கள்: "ஐ டோன்ட் ஈட் மீட், ஃபிஷ் ஓர் எக்ஸ்." பால், தயிர் சாப்பிடுவீர்கள் என்றால் "மில்க் இஸ் ஃபைன்" என்று சேருங்கள். பாலும் வேண்டாம் என்றால் ஒரே சொல்லில் "வீகன்".

பிறகு, மரக்கறி மாதிரித் தெரிந்தும் மரக்கறி இல்லாதவை. சீசர் சலட்டுக்கு ஊற்றும் ட்ரெஸ்ஸிங்கில் வழக்கமாக அன்சோவி இருக்கும். வூஸ்டர் சோஸிலும் அன்சோவி. பிரெஞ்ச் அனியன் சூப் பெயரில் வெங்காயம், ஊற்றுவது பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. தாய் சாப்பாட்டில் ஃபிஷ் சோஸ், சீனச் சாப்பாட்டில் ஒய்ஸ்டர் (சிப்பி) சோஸ். பார்மசான் சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் ரெனெட். விலங்குகளின் தோல், எலும்பில் இருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும் இனிப்புகளும் அப்படியே. கேட்க வேண்டிய வசனம்: "டஸ் இட் கன்டெய்ன் எனி ஃபிஷ் சோஸ் ஓர் மீட் ஸ்டொக்?" ஸ்டொக் என்றால் எலும்பும் இறைச்சியும் அவித்து எடுத்த சாறு. இந்தச் சொல்லைத் தெரிந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உருளைக்கிழங்குச் சிப்ஸிலும் கவனம். இங்கிலாந்தின் வடக்கில், முக்கியமாக யோர்க்ஷயர் பக்கம், பழைய முறைப்படி மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகள் இன்றும் இருக்கின்றன. பீஃப் ட்ரிப்பிங் என்று பலகையில் போட்டிருப்பார்கள். "வட் ஒயில் டு யூ ஃப்ரை இன்?" என்று கேளுங்கள், அதோடு "இஸ் இட் த சேம் ஒயில் அஸ் த ஃபிஷ்?" எண்ணெயை மட்டும் கேட்பதும் சில நேரம் போதாது. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் மரக்கறி எண்ணெயில் பொரிப்பதாகச் சொன்ன ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்திருந்தது தெரியவந்து, இந்துக்களும் மற்றச் சைவக்காரர்களும் வழக்குப் போட்டு, 2002 இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 10 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, கொழும்பிலேயே தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவது வழக்கம். "இஸ் தேர் எனி மோல்டீவ் ஃபிஷ் இன் திஸ்?" நல்லூர்க் கொடியேற்றத்தில் இருந்து 25 நாளும் விரதமாக இருந்துகொண்டு அலுவலாகக் கொழும்பு போகிறவர்களுக்கு இந்த வசனம் கட்டாயம்.

அலர்ஜி பற்றி விருந்தினர் கேட்டால் என்ன சொல்வது?

இது விளையாட்டில்லை. கச்சான் ஒவ்வாத ஒருவருக்கு ஒரு துண்டு போதும், மூச்சு அடைக்கும், உயிர் போகலாம். "ஐ ஆம் அலர்ஜிக் டு நட்ஸ்" என்று ஒருவர் சொன்னால் சிரித்துக்கொண்டு "நோ ப்ரொப்ளம்" என்று சொல்ல வேண்டாம். "லெட் மீ செக் வித் த கிச்சன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் உண்மையாகவே கேளுங்கள். தெரியாவிட்டால் "ஐம் நொட் ஷூர், சோ ப்ளீஸ் டோன்ட் ஹாவ் திஸ் ஒன்" என்று சொல்வதுதான் நல்ல சேவை.

பிரித்தானியாவில் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகங்கள் தகவல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் அங்கிருந்து வருபவர்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள். அந்த 14 இல் எங்கள் குசினியில் நாளாந்தம் இருப்பவை கனக்க: கடுகு, எள், மீன், நண்டு இறால் வகை, கணவாய் மட்டி வகை, முட்டை, பால், கோதுமை, கச்சான், மரமுந்திரிகை, சோயா. தாளிதத்தில் போடும் கடுகு "மஸ்டட் சீட்ஸ்", நல்லெண்ணெய் "செசமி ஒயில்". இவை இரண்டையும் நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை, அதனால்தான் சொல்ல மறந்துபோகிறோம். தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் கேட்டால் சொல்லுங்கள்.

நீங்கள் வெளியில் சாப்பிடும்போது பிடிக்காத சாப்பாட்டை "அலர்ஜிக்" என்று சொல்ல வேண்டாம். "ஐ டோன்ட் ஈட்" என்றால் போதும். அலர்ஜி என்று சொன்னால் சமையலறையில் பலகை, கத்தி, சட்டி எல்லாம் மாற்றுவார்கள், அந்தப் பாடு உண்மையாகத் தேவைப்படுபவருக்கு உரியது.

எங்கள் சாப்பாட்டை வெள்ளைக்காரருக்கு எப்படி விளக்குவது?

பெயரை மாற்ற வேண்டாம். பீட்சாவுக்கு யாரும் வேறு பெயர் வைக்கவில்லை, கூழுக்கும் வைக்கத் தேவையில்லை. பெயரைச் சொல்லிவிட்டு, எதில் செய்தது, எப்படிச் சமைத்தது, எதோடு சாப்பிடுவது என்று ஒரு வசனம்.

புட்டு: "ஸ்டீம்ட் ரைஸ் ஃப்ளவர் வித் கோகனட்." இடியப்பம்: இலங்கையில் வந்து கொஞ்ச நாளானவர்களுக்கு ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்கு "தின் ரைஸ் நூடில்ஸ், ஸ்டீம்ட், யூ ஈட் தெம் வித் கறி." சொதி: "அ தின், மைல்ட் கோகனட் மில்க் கறி." பனங்காய்ப் பணியாரம்: "ஸ்வீட் ஃப்ரிட்டர்ஸ் மேட் ஃப்ரொம் பல்மைரா ஃப்ரூட்." கொத்துரொட்டிக்கு "சொப்ட் ரொட்டி, ஃப்ரைட் வித் வெஜ்டபிள்ஸ், எக் அண்ட் மீட்." கொத்திய என்பதற்கு சொப்ட், மென்மை என்பதற்கு சொஃப்ட், உதடு இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஒடியல் கூழுக்குக் கொஞ்சம் நேரம் எடுங்கள். "இட்ஸ் அ திக், ஸ்பைசி சீஃபுட் சூப். வீ திக்கன் இட் வித் ஃப்ளவர் மேட் ஃப்ரொம் ட்ரைட் பல்மைரா ஸ்ப்ரவுட்ஸ்." இவ்வளவும் தொடக்கம். உள்ளே என்ன என்று கேட்பார்கள்: மீன், நண்டு, இறால், கணவாய், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, புளி, செத்தல் மிளகாய். "ஃபிஷ், க்ராப், ப்ரோன்ஸ், ஸ்குவிட், லோங் பீன்ஸ், ஜாக்ஃப்ரூட் சீட்ஸ், கசாவா, டமரிண்ட் அண்ட் ட்ரைட் சில்லி." மீனுக்கோ நண்டுக்கோ ஒவ்வாமை உள்ளவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்பது இந்த ஒரு வசனத்திலேயே தெரிந்துவிடும். பனையோலைப் பிளாவில் கொடுக்கிறீர்கள் என்றால் "வீ ட்ரிங்க் இட் ஃப்ரொம் அ ஃபோல்டட் பாம் லீஃப்" என்று சொல்லி எப்படிப் பிடிப்பது என்று கையால் காட்டுங்கள், அதை அவர்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

உறைப்புக்கு ஹொட்டா, ஸ்பைசியா?

ஹொட் என்றால் சூடும் உறைப்பும் இரண்டும், அதனால் ஸ்பைசி பாதுகாப்பு. குறைவான உறைப்பு மைல்ட். வருபவர்கள் "ஹவ் ஸ்பைசி இஸ் இட்?" என்று கேட்டால் எங்கள் நாக்கை வைத்து "லிட்டில் பிட்" என்று சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்து நண்டுக்கறி அவர்களுக்கு "வெரி ஸ்பைசி" தான். "வீ கான் மேக் இட் மைல்டர்" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

ஸ்டேக், முட்டை கேள்விகள்?

ஸ்டேக் எப்படி வேண்டும் என்றால் ரெயர் (உள்ளே சிவப்பு), மீடியம், வெல் டன் (நன்றாக வெந்தது). முட்டைக்கு ஸ்க்ராம்பிள்ட் (அடித்துக் கிளறியது), போச்ட் (உடைத்துக் கொதிநீரில் வேகவைத்தது), ஃப்ரைட் (பொரித்தது). மேல்பக்கம் புரட்டாத பொரியல் சனி சைட் அப், புரட்டியது ஓவர் ஈசி.

சாப்பாடு சரியில்லை என்றால்?

சண்டை பிடிக்காமலும் விழுங்கிக்கொண்டு இருக்காமலும் சொல்லலாம். "ஐம் அஃப்ரெய்ட்" என்று தொடங்குங்கள், இந்த இடத்தில் அதற்குப் பயம் என்ற பொருள் இல்லை, "குறை நினைக்காதீர்கள்" என்பது மாதிரி. "ஐம் அஃப்ரெய்ட் திஸ் இஸ்ன்ட் வட் ஐ ஓடர்ட்." ஆறிப்போனால் "இட்ஸ் கோன் கோல்ட்", வேகாவிட்டால் "இட்ஸ் அண்டர்குக்ட்", உப்புக் கூடினால் "இட்ஸ் டூ சோல்ட்டி", எண்ணெய் கூடினால் "கிரீசி", உப்புப் புளி இல்லாமல் சப்பென்று இருந்தால் "ப்ளாண்ட்". மீன் பழுதாகி மணத்தால் "த ஃபிஷ் ஸ்மெல்ஸ் ஒஃப்", அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் விடுங்கள்.

கோப்பிக் கடையில் எல்லாம் கெதியாகக் கேட்கிறார்களே?

"ஃபோர் ஹியர் ஓர் டு கோ?" என்பது இங்கேயே இருந்து குடிப்பதா கொண்டுபோவதா என்பது. இங்கிலாந்தில் "ஈட் இன் ஓர் டேக் அவே?". கனடாவில் டிம் ஹோர்ட்டன்ஸில் டபுள் டபுள் என்றால் இரண்டு க்ரீம், இரண்டு சீனி, ரொறன்ரோ போய்ச் சேர்ந்த முதல் கிழமையே கேட்பீர்கள். குளிர்பானம் கனடாவில் பொப், அமெரிக்காவின் பல இடங்களில் சோடா, இங்கிலாந்தில் ஃபிஸ்ஸி ட்ரிங்க். தேசிக்காய்த் தண்ணீர் என்று நினைத்து இங்கிலாந்தில் லெமனேட் கேட்டால் வாயு அடைத்த இனிப்புப் பானம் வரும். எங்கள் தேசிக்காய் லைம், லெமன் வேறு.

பில், டிப்ஸ் எப்படி?

"குட் வீ ஹாவ் த பில், ப்ளீஸ்?" அமெரிக்காவில் பில்லுக்கு செக் என்பார்கள். தனித்தனியாகக் கட்ட "குட் வீ பே செபரட்லி?", நீங்கள் கட்டுவதென்றால் "இட்ஸ் ஒன் மீ".

இலங்கையில் பெரிய உணவகங்களின் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் மேலதிகம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10%, வற் 2024 ஜனவரியில் இருந்து 18%. ஆயிரம் ரூபாய் என்று பார்த்து ஓடர் கொடுத்தால் பில் 1,200 ஐயும் தாண்டும். விருந்தினர் கோபப்பட முதல் "த ப்ரைசஸ் டோன்ட் இன்க்ளூட் டாக்ஸ் அண்ட் சேர்விஸ்" என்று சொல்லிவிடுவது நல்லது.

இங்கிலாந்தில் பில்லிலேயே 12.5% போல சேர்த்து, பக்கத்தில் "டிஸ்க்ரெஷனரி" என்று எழுதியிருப்பார்கள். விரும்பினால் கொடுக்கலாம் என்பது பொருள், வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம். 2024 ஒக்டோபர் 1 இல் இருந்து அந்தக் காசை முதலாளி பிடித்து வைக்க முடியாது, வேலை செய்பவர்களுக்கே போக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்திருப்பதால் சேவை நன்றாக இருந்தால் கொடுங்கள் என்பதே என் எண்ணம். கனடாவிலும் அமெரிக்காவிலும் மேசையில் இருந்து சாப்பிட்டால் 15 முதல் 20% வரை எதிர்பார்ப்பார்கள், கார்ட் மெஷினிலேயே அந்தத் தெரிவுகள் வரும். ஒன்டாரியோவில் அதோடு 13% வரி. அவுஸ்திரேலியாவில் டிப்ஸ் கட்டாயம் மாதிரி இல்லை.

உச்சரிப்பில் எவை கவனிக்க வேண்டும்?

சூப்பையும் சோப்பையும் மாற்றிவிடாதீர்கள். பற்றுச்சீட்டு ரிசீட், சமையற் குறிப்பு ரெசிப்பி. சாமன் மீனில் எழுதும் எல் ஒலிக்காது. டிசேர்ட் என்று பின்பாதியை அழுத்தினால் இனிப்பு, டெசட் என்று முன்பாதியை அழுத்தினால் பாலைவனம். பஃபே என்று முடியும், கடைசி டி இல்லை. வெஜ்டபிள் மூன்று அசைதான்.

மிச்சச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லலாமா?

தாராளமாக. காசு கொடுத்த சாப்பாடு, எறிவதைவிடக் கொண்டுபோவது நல்லது, அங்கே எல்லாரும் கேட்கிறார்கள். "குட் ஐ ஹாவ் அ பொக்ஸ் ஃபோர் திஸ், ப்ளீஸ்?" சில இடங்களில் வெறும் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பஃபேயில் மட்டும் கேட்க வேண்டாம், கொடுக்கமாட்டார்கள்.